நம் கடையில் உயிருள்ள சரக்குகள்

நோன்பு மாதம் பிறந்துவிட்டால் மளிகைக் கடைகளில் கடல்பாசிக்குக் கிராக்கி ஏறிவிடும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவைத்து, வில்லை போட்டு நோன்பு திறக்கும் வேளையில் எடுத்து வைக்கும் பண்டத்துக்கு அதுதான் மூலப்பொருள். மாலை நேரத்துக் கூட்டத்தில் ஒரு சிறுவன் வந்து, "அம்மா பாசி வாங்கி வரச் சொன்னாங்க" என்கிறான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் மசாலா டப்பாவைத் திறந்து கல்பாசியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறான். அன்று அந்த வீட்டில் பால் வீணாகும். மறுநாள் அந்த அம்மாள் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்.

இரண்டும் பாசி என்றுதான் பெயர் பெற்றவை. ஒன்று கடலுக்குள் வளர்வது. மற்றது மலைப்பகுதி மரங்களிலும் பாறைகளிலும் படர்வது. பெயர் ஒன்றாக இருப்பதால் நேரும் குழப்பம் இது. இதைவிடப் பெரிய நஷ்டம், சரக்கின் இயல்பு தெரியாமல் வைப்பதால் வருவது. நமது கடைகளில் பாசி, பூஞ்சை, பாக்டீரியா ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் பொருட்கள் பத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் சில உயிரோடு நம்மிடம் வருகின்றன. சில உலர்ந்து வருகின்றன. சில, நுண்ணுயிர்கள் தயாரித்துக் கொடுத்த பொருள் மட்டுமே. நுண்ணுயிர் அதில் இராது. கைக்கு வந்த சரக்கு இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொண்டால், எங்கே வைப்பது, எவ்வளவு வாங்குவது, வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வது என்ற மூன்று கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

உயிரோடு விற்பவை

முதலில் ஈஸ்ட். ரொட்டி, பன் வகைகளுக்கு மாவைப் பொங்க வைக்கும் இந்தப் பொருள் ஒருவகைப் பூஞ்சை. ஒவ்வொரு துகளும் பல உயிரணுக்கள் சேர்ந்தது. மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. நொதித்தல் என்பது உயிருள்ளவை செய்யும் வேலை என்பதை பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினார். அதுவரை அதை வெறும் இரசாயன மாற்றம் என்று சொன்னவர்களே அதிகம்.

ஈஸ்ட் கட்டியாகவும் வரும், உலர்ந்த மணியாகவும் வரும். கட்டி ஈஸ்டில் ஏறத்தாழ 70 சதவீதம் ஈரம். குளிர்பெட்டியில் வைத்தாலும் இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும். பேக்கரிக்காரர்கள் பக்கத்தில் இல்லாத கடைக்கு அது ஏற்ற சரக்கல்ல. உலர் ஈஸ்டில் ஈரம் 5 சதவீத அளவே இருப்பதால், காற்று எடுத்துக் கட்டிய பாக்கெட் பிரிக்காதவரை நீண்ட நாள் இருக்கும். பிரித்த நாளிலிருந்து கணக்கு மாறுகிறது. காற்றும் ஈரமும் பட்டால் அது மெல்ல மெல்லச் சாகத் தொடங்கும். அரைக் கிலோ பாக்கெட்டைப் பிரித்து, ஜாடியில் கொட்டி, அடுப்பு வெப்பமோ வெயிலோ படும் இடத்தில் வைத்து, ஐம்பது கிராம் ஐம்பது கிராமாக விற்பது நம் வழக்கம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அப்படி வைத்த ஈஸ்ட் பார்வைக்கு அப்படியே இருக்கும்; மாவில் போட்டால் பொங்காது. வாங்கியவர் மாவையும் நேரத்தையும் இழந்து நம்மிடம் திரும்பி வருவார்.

இதைச் சோதிப்பது எளிது. கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீர் அரை டம்ளர், ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். பத்து நிமிடத்தில் நுரை கட்டினால் உயிர் இருக்கிறது. நுரை வராவிட்டால் அந்தச் சரக்கை விற்கக் கூடாது. நீர் சூடாக இருந்துவிட்டால் நல்ல ஈஸ்டும் செத்துப்போகும். இதை வாங்குகிறவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆப்பச் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஈஸ்ட் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை உப்பு வகைகள். ஒன்றுக்குப் பதிலாக மற்றதைக் கொடுத்து அனுப்பக் கூடாது.

அடுத்தது இட்லி மாவு பாக்கெட். இன்று பெட்டிக் கடையிலும் இது உண்டு. அரிசியோடும் உளுந்தோடும் இயல்பாகவே ஒட்டி வரும் பாக்டீரியாக்கள்தான் மாவைப் புளிக்க வைக்கின்றன. அவற்றில் முக்கியமானது லியூகோநாஸ்டாக் என்ற இனம்; மாவு உப்புவது பெரும்பாலும் அது விடும் வாயுவால். குளிர்பெட்டி இந்த வேலையைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போனால் வேலை மறுபடி வேகம் எடுக்கும். பாக்கெட் பலூன் போல் உப்பும். உப்பிய பாக்கெட்டை ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டு மறுபடி அடுக்குவதைச் சில இடங்களில் காண்கிறோம். இது கூடாத காரியம். துளை வழியே வேண்டாத கிருமிகள் உள்ளே போகும். கெட்டுப் போனால் பழி தயாரிப்பாளருக்குப் போகாது, நமக்குத்தான் வரும். மாவில் இளஞ்சிவப்போ கறுப்போ திட்டுத் தெரிந்தாலும், புளிப்பு வாடையைத் தாண்டி வேறு வாடை வந்தாலும் அதைக் கொட்டிவிட வேண்டும். அன்றன்றைய விற்பனைக்குத் தக்கபடி மட்டும் வாங்குவதே இந்தச் சரக்கில் லாபத்துக்கு வழி. தயிருக்கும் இதே விதி.

மூன்றாவது காளான். மொட்டுக் காளான், சிப்பிக் காளான், பால் காளான் மூன்றும் பூஞ்சையின் கனிகள். பறித்த பிறகும் காளான் மூச்சு விடுகிறது. மூச்சோடு ஈரமும் சூடும் வெளிவருகின்றன. வெளியேற வழியில்லாவிட்டால் பையின் உள்ளே நீர் கோத்து, காளான் வழவழத்து, வாடை எடுக்கும். பையில் சிறு துளைகள் இருப்பது அதற்காகத்தான். துளை இருக்கிறதே என்று இன்னொரு பையில் போட்டுக் கட்டி வைப்பது தவறு. கழுவி வைப்பதும் தவறு. சிப்பிக் காளான் வெளியே வைத்தால் ஒரு நாள்தான். பால் காளான் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். நமது வெப்பத்தில் வளரக்கூடிய இந்தப் பால் காளான் 1974-ல் மேற்கு வங்கத்திலிருந்து முதன்முதலில் விவரித்து எழுதப்பட்டது. பின்னர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதன் வளர்ப்பு முறையைச் செம்மைப்படுத்தி இரகமாக வெளியிட்டது. குளிரூட்டிய அறை இல்லாமலேயே வளர்வதால், உள்ளூர்ப் பண்ணைகளிலிருந்து அன்றாடம் கொள்முதல் செய்ய இது தோதானது.

ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் காட்டிலும் வயலிலும் பறித்த காளானைக் கூடையில் கொண்டுவருவார்கள். விலை குறைவு என்று அதை வாங்கி விற்கக் கூடாது. வெள்ளிக் காசு கறுத்தால் விஷம், கறுக்காவிட்டால் நல்லது என்று சொல்வதை நம்ப வேண்டாம்; அந்தச் சோதனையால் விஷக் காளானைக் கண்டுபிடிக்க முடியாது. சில விஷக் காளான்கள் சமைத்த பிறகும் உயிரைக் கொல்லும்.

உலர்ந்து வருபவை

கடல்பாசி என்று நாம் விற்கும் வெண்ணிற இழையும் தூளும் அகர் அகர் எனப்படும். சீனப்புல் என்ற பெயரும் உண்டு. இது செந்நிறக் கடற்பாசிகளைக் கொதிக்க வைத்து எடுக்கும் பிசின். இராமநாதபுரம் கடற்கரையில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி என்று மீனவர்கள் அழைக்கும் இரண்டும் இதற்குரியவை. இராமேசுவரம், பாம்பன் பகுதிகளில் பெண்கள் கண்ணாடி அணிந்து கடலில் மூழ்கி இவற்றைச் சேகரிக்கிறார்கள். மதுரை வட்டாரத்து ஆலைகள் வாங்கி அகர் தயாரிக்கின்றன. மரிக்கொழுந்துப்பாசி அகர் கெட்டியாக உறையும். கஞ்சிப்பாசி அகர் சற்று இளக்கமாக இருக்கும். விலை வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே மொத்த வியாபாரியிடம் விலையை மட்டும் கேட்காமல், உறையும் வலுவையும் கேட்க வேண்டும்.

அகருக்கும் ஜெலட்டினுக்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து எடுப்பது. இரண்டும் தூளாக வந்தால் பார்வைக்கு எளிதில் பிரித்தறிய முடியாது. ஒரு கிராம் தூளை நூறு மில்லி நீரில் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். அகர் என்றால் குளிர்பெட்டி இல்லாமலேயே உறைந்துவிடும். மறுபடி உருக்க ஏறத்தாழ 85 டிகிரி சூடு வேண்டும். அதே அளவு ஜெலட்டின் நம் ஊர் வெப்பத்தில் உறையாது, நீராகவே இருக்கும்.

இந்த ஒரு குணம் மருத்துவ உலகையே மாற்றியது என்றால் வியப்பாக இருக்கும். 1881-ல் ஜெர்மனியில் இராபர்ட் காக் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை ஜெலட்டின் மீது வளர்த்து வந்தார்கள். சூடு ஏறியதும் அது உருகி ஓடியது. அங்கே பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸி என்பவரின் மனைவி ஃபேனி, தம் சமையலில் பழக்கூழுக்குப் பயன்படுத்திய அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த குடும்பத்தாரிடமிருந்து அவர் அறிந்துகொண்ட பொருள் அது. அன்று முதல் இன்றுவரை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்க்க அகர்தான். நாம் பொட்டலம் கட்டும் சரக்குக்கு இப்படியும் ஒரு பெருமை உண்டு.

கல்பாசியின் கதை வேறு. அது ஓர் உயிரல்ல. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டு வியாபாரம். பூஞ்சை இடமும் ஈரமும் தருகிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளரும். விதைத்துப் பெருக்க முடியாது; காடுகளிலிருந்து சேகரித்துத்தான் வர வேண்டும். அதனால் வரத்து குறைந்தால் விலை சட்டென்று ஏறும். வாங்கும்போது மரப்பட்டை, சுள்ளி, மண் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கையை விட்டுப் பார்த்து வாங்க வேண்டும். மேற்புறம் சாம்பல் நிறம், அடிப்புறம் கறுப்பு; கையில் நொறுங்க வேண்டும். ஈரம் ஏறினால் துவண்டு மக்கல் வாடை வரும். இதன் மணம் சூடான எண்ணெயில் பட்ட பிறகே எழும்பும். அதனால் முகர்ந்து பார்த்து மணமில்லை என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

சுருள்பாசி என்னும் ஸ்பைருலினா மாத்திரையாகவும் தூளாகவும் வருகிறது. பாசி என்று பெயர் இருந்தாலும் இது பாக்டீரியா இனம். ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்கரை மக்கள் இதை அள்ளி உலர்த்தி உண்டு வந்தார்கள். நமது புதுக்கோட்டை மாவட்டத்திலும் தொட்டிகளில் வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். ஆனால் சிறு தேக்கரண்டி அளவே உண்பதால், பருப்புக்கு மாற்றாக அதைச் சொல்ல முடியாது. சைவ உணவுக்காரர்களுக்கு பி12 சத்து இதில் கிடைக்கும் என்று விற்பனையாளர்கள் சொல்லக்கூடும். அதிலுள்ள பி12-ல் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத வகை. சர்க்கரை நோய் தீரும், இரத்த அழுத்தம் தீரும் என்று நாம் வாயால் சொல்லி விற்கக் கூடாது. வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்தால் போதும்.

நுண்ணுயிர் தயாரித்துக் கொடுத்தவை

எலுமிச்சை உப்பு என்று நாம் விற்கும் சிட்ரிக் ஆசிட் எலுமிச்சையிலிருந்து வருவதாகவே பலரும் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான். 1784-ல் ஷீலே என்ற ஸ்வீடன் விஞ்ஞானி எலுமிச்சைச் சாற்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பின்னர் இத்தாலியின் சிசிலித் தீவு எலுமிச்சைத் தோட்டங்கள்தான் உலகச் சந்தையைக் கையில் வைத்திருந்தன. 1917-ல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்கர், ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சை சர்க்கரைக் கரைசலிலிருந்து சிட்ரிக் ஆசிட்டை ஏராளமாகத் தயாரிப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார். 1919-ல் அமெரிக்காவில் ஆலை உற்பத்தி தொடங்கியது. சில ஆண்டுகளில் இத்தாலியின் ஏகபோகம் உடைந்தது. தோட்டம் வைத்திருந்தவர்களை இன்னொரு தோட்டக்காரர் வெல்லவில்லை. பழைய ரொட்டியில் படரும் ஒரு பூஞ்சை வென்றது. சரக்கு எங்கிருந்து வருகிறது என்று வியாபாரி எப்போதும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இன்று உலகில் விற்கும் சிட்ரிக் ஆசிட் ஏறத்தாழ முழுவதும் பூஞ்சை முறையில் வந்ததே. வாடிக்கையாளர் கேட்டால் அஞ்சாமல் உண்மையைச் சொல்லலாம்: எலுமிச்சையில் உள்ள அதே அமிலம்தான், வடிகட்டிப் படிகமாக்கியபின் பூஞ்சை அதில் இராது. உயிரில்லாத சரக்கு என்பதால் குளிர்பெட்டி வேண்டியதில்லை. ஈரம் பட்டால் கட்டிபிடிக்கும். தகர டப்பாவை அரிக்கும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி ஜாடியில் வைத்து மூடுங்கள். சர்க்கரை, படிகாரம், அஜினோமோட்டோ இவற்றோடு பார்வைக்கு ஒத்திருப்பதால் ஒவ்வொரு ஜாடியிலும் பெயர் ஒட்டியே தீர வேண்டும்.

அஜினோமோட்டோ என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் வணிகப் பெயர். பொருளின் பெயர் மோனோசோடியம் குளூட்டமேட். 1908-ல் இக்கேடா என்ற ஜப்பானியப் பேராசிரியர் கொம்பு என்னும் கடற்பாசியைக் காய்ச்சிய நீரின் சுவைக்குக் காரணம் தேடியபோது இதைக் கண்டார். மறு ஆண்டே விற்பனைக்கு வந்தது. முதலில் கோதுமைப் புரதத்திலிருந்து செய்தார்கள். 1950-களின் நடுவில் இதைச் சுரக்கும் ஒரு பாக்டீரியா ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது கரும்புச் சர்க்கரைப் பாகு, மரவள்ளி மாவு முதலியவற்றைக் கொண்டு அந்த முறையில்தான் தயாரிக்கிறார்கள்.

வினிகர் என்ற காடியில் இரண்டு உண்டு. கள், கரும்புச்சாறு, பழச்சாறு போன்றவை நொதித்தபின் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா புளிக்க வைப்பது ஒன்று. அசிட்டிக் அமிலத்தில் நீர் சேர்த்துச் செய்வது மற்றொன்று. இரண்டாவது வகையின் சீட்டில் அது செயற்கை வினிகர், அசிட்டிக் அமிலத்திலிருந்து தயாரித்தது என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். குறைந்தது 3.75 சதவீதம் அமிலம் இருவகையிலும் வேண்டும். நொதித்த வகைக்கு விலை கூடுதல். செயற்கையை இயற்கை என்று சொல்லி விற்றால் அது மோசடி. நொதித்த வினிகரில் மேலே மெல்லிய ஆடை படிந்தால் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அது அந்தப் பாக்டீரியாவின் படலம்தான்.

அதே குடும்பத்தின் மறுபக்கம்

பூஞ்சையால் இவ்வளவு நன்மை என்றதும், கடையில் தானாகப் படரும் பூஞ்சையையும் பொருட்படுத்தாமல் விடக் கூடாது. சிட்ரிக் ஆசிட் தரும் பூஞ்சையின் சகோதர இனம்தான் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். ஈரம் ஏறிய நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பச்சை மஞ்சளாகப் படர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற விஷத்தைச் சுரக்கும். 1960-ல் இங்கிலாந்தில் இலட்சம் வான்கோழிகள் செத்ததன் காரணத்தைத் தேடியபோதுதான் இந்த விஷம் தெரிய வந்தது. நிலக்கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தில் அது இருந்தது. மனிதர்களுக்கு ஈரல் புற்றுநோயை உண்டாக்கவல்லது. பூஞ்சை பிடித்த கடலையைத் துடைத்துக் காயவைத்தாலும், வறுத்தாலும் விஷம் முழுதாகப் போகாது. நாலு மூட்டை நஷ்டமானாலும் அதை நல்ல சரக்கோடு கலந்து விற்கக் கூடாது.

சட்டமும் சைவக் கேள்வியும்

2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ம் பிரிவு விற்பவர் பொறுப்பைத் தெளிவாகச் சொல்கிறது. காலாவதியான பின் விற்ற சரக்குக்கும், சுகாதாரமின்றி வைத்திருந்த சரக்குக்கும், தவறான சீட்டு ஒட்டிய சரக்குக்கும், யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சரக்குக்கும் விற்பவரே பொறுப்பு. நான் தயாரிக்கவில்லையே என்ற பதில் செல்லாது. ஈஸ்ட், மாவு, காளான் மூன்றையும் பில் இல்லாமல் வாங்குவதை இன்றோடு நிறுத்த வேண்டும்.

இது சைவமா என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஈஸ்ட், காளான், அகர், சிட்ரிக் ஆசிட், வினிகர் எதிலும் விலங்குப் பொருள் இல்லை. பச்சைப் புள்ளி சைவத்துக்கும், பழுப்பு முக்கோணம் அசைவத்துக்கும் அடையாளம். பாக்கெட்டின் பின்புறத்தில் 406 என்றிருந்தால் அகர். 407 கடற்பாசியிலிருந்து எடுக்கும் காரஜீனன். 330 சிட்ரிக் ஆசிட். 415 பாக்டீரியா தரும் சாந்தன் பிசின். 621 மோனோசோடியம் குளூட்டமேட். இந்த ஐந்து எண்களையும் ஒரு அட்டையில் எழுதிக் கல்லாப்பெட்டியருகில் ஒட்டி வையுங்கள்.

கடைப் பணியாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டியவை:

1. பாசி என்று கேட்டால், கடல்பாசியா, கல்பாசியா, எதற்கு என்று கேட்ட பின்னரே எடுக்க வேண்டும்.

2. உயிருள்ள சரக்குக்கு, அதாவது ஈஸ்ட், மாவு, தயிர், காளானுக்கு, குளிர்ச்சி வேண்டும். சிறுகச் சிறுக வாங்க வேண்டும். முன் வந்தது முன் போக வேண்டும்.

3. ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்தால் பிரித்த தேதியை அதன்மேல் எழுத வேண்டும். இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

4. உலர்ந்த சரக்குக்கு ஈரம் எதிரி. தரையில் வைக்காமல் பலகைமேல் வைக்க வேண்டும்.

5. வெண்ணிறப் படிகச் சரக்கு எதையும் பெயர்ச்சீட்டு இல்லாத ஜாடியில் வைக்கக் கூடாது.

பெரிய அங்காடிகள் விலையைக் குறைத்து வாடிக்கையாளரை இழுக்கலாம். கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்லும் கடைக்காரர் அங்கே கிடைப்பது அரிது. அந்த அம்மாள் அடுத்த முறை பாசி வாங்கி வரச் சொல்லும்போது, "கடல்பாசிதானே, எத்தனை பேருக்குச் செய்யணும்?" என்று நம் பையன் கேட்டால், அவர் வேறு கடை தேட மாட்டார்.